அட்டாலியில் இருந்த பன்னிரண்டு டம்ளர்

பாத்திரம் கழுவுவதில் பொன்னாத்தாளுக்கு ஒரு வழக்கம் உண்டு. கழுவி முடித்ததும் போசியைக் கவிழ்த்து, அடியில் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். பிசுக்கு இருந்தால் விரல் வழுக்கும். சுத்தமாக இருந்தால் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் போசி திண்டுக்கு ஏறும். இடது கண்ணில் புரை விழுந்த பிறகு இந்த விஷயத்தில் கண்ணை நம்புவதையே விட்டுவிட்டாள்.

மல்லசமுத்திரத்துக்கு மேற்கே மூன்றாவது கிலோமீட்டரில் அவர்கள் தோட்டம். ஒரு வயல் குச்சிக்கிழங்கு, ஒரு வயல் நிலக்கடலை, கட்டுத்தரையில் ஒரு எருமை. மகன் சிவக்குமார் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்கு மேனேஜர். வருஷத்தில் பதினொரு மாசம் ஆந்திராவிலும் மத்தியப் பிரதேசத்திலும் ஊர் ஊராகப் போர் போட்டுத் திரிவான். ஐப்பசி மழை பிடித்தால் வண்டிகள் எல்லாம் ஊர் திரும்பிவிடும். ஆண்கள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு மாசத்தில்தான் காதுகுத்து, கிடாவெட்டு, வீடு புகுதல் எல்லாம் நடந்தாக வேண்டும். ஊரில் பாத்திரங்கள் வீடுவிட்டு வீடு போய்வருகிற மாசமும் அதுதான்.

மருமகள் கிருத்திகா சேலம் அஸ்தம்பட்டிக்காரி. கம்ப்யூட்டரில் படம் போடுகிற வேலை. சோப்பு டப்பா, சாக்லெட் உறை, மருந்துப் பெட்டி என்று எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளுக்கு மேலே ஒட்டும் படத்தை இந்தத் தோட்டத்தில் உட்கார்ந்துகொண்டு வரைந்து அனுப்புவாள். "எருமைக்குத் தண்ணி காட்டற கையிலயே அமெரிக்காவுக்குப் படமும் போடறா எம்மருமக" என்று பொன்னாத்தாள் பெருமை பேசாத ஒறம்பரை, சொந்தபந்தம் கிடையாது. பெருமைக்கு நியாயமும் இருந்தது.

அந்த எருமையால்தான் வம்பு வந்தது. செவ்வாய்க்கிழமை காலை எருமைக்கு வைக்கும் கழனித் தண்ணித் தொட்டியில் புண்ணாக்குக் கரைக்கக் குனிந்த கிருத்திகாவின் பாக்கெட்டிலிருந்து போன் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. அவள் கை விடுவதற்குள் எருமை முகத்தைக் கழுத்து வரைக்கும் உள்ளே விட்டுவிட்டது. அதன் காலைச் சாப்பாட்டை நிறுத்துவது யாராலும் ஆகிற காரியம் இல்லை. கடைசியில் போனை எடுத்தபோது அதன் ஓட்டைகளில் எல்லாம் புண்ணாக்கு அடைத்திருந்தது.

சிவக்குமார் அதைச் சேலத்துக்குக் கொண்டு போனான். கடைக்காரர் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணும் வராதுங்க, அடக்கம் பண்ணிருங்க" என்று சொல்லியனுப்பினார். புதுப் போன் ஒன்றை வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்து சேர்ந்தான்.

கிருத்திகா பெரிதாகக் கலங்கவில்லை. பழைய போன் போனால் என்ன என்கிற மாதிரி ஏணியை எடுத்துவந்து சமையல்கட்டுச் சுவரில் சாத்தினாள். அட்டாலியின் மேல், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும் இறக்குகிற அண்டாக்களுக்குப் பின்னால், ஒரு தகர டிரம். அதைத் திறந்தவள் ஏணியின் மேலேயே நின்றுவிட்டாள்.

"அத்தைங்க, இதுக்குள்ள டம்ளர் இருந்துதுங்களே?"

"ஆமாஞ்சாமி. பன்னெண்டு டம்ளரு. புத்தம் புதுசு."

"எங்கீங்க?"

"மாரக்காளுக்குக் குடுத்தனே. ஞாயித்துக்கெழம அவ புள்ளைக்குக் காதுகுத்தல்ல? பாயசத்துக்கு டம்ளரு பத்தலீன்னா. எடுத்துட்டுப் போடீன்னுட்டேன்."

கிருத்திகா ஏணியிலிருந்து இறங்கிய விதத்தைப் பார்த்துச் சிவக்குமார் எழுந்து வந்தான். அவள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள்.

"என்றா இது? டம்ளருக்கா இப்படி உக்காந்துட்டா?" என்றாள் பொன்னாத்தாள்.

விஷயத்தைச் சிவக்குமார்தான் சொன்னான். கிருத்திகாவின் மூன்று வருஷச் சம்பாத்தியத்தில் பெரும்பங்கு பேங்கில் இல்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கூலியைக் கிரிப்டோ காசாகத்தான் தரும். காசு என்றால் கையில் பிடிக்கிற காசு இல்லை. போனுக்குள் ஒரு பூட்டுப் பெட்டியில் இருக்கிற கணக்கு. அந்தப் பெட்டிக்குப் பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் சாவி. போன் தொலைந்தாலும் உடைந்தாலும், அந்த வார்த்தைகளை வரிசையாகப் போட்டால் வேறு போனில் பெட்டி திறந்துகொள்ளும்.

"பேங்க்காரங்ககிட்டப் போயி ரேகை வெச்சுக் கேட்டா குடுக்க மாட்டாங்களா?"

"பேங்க்குன்னே ஒண்ணு கெடையாதுங்கத்தை," என்றாள் கிருத்திகா. குரல் அவளுக்கே கேட்காத அளவு சன்னமாக இருந்தது. "ஒரு வார்த்த கொறஞ்சாலும் தெறக்காது. வரிச மாறுனாலும் தெறக்காது. ஆருகிட்டயும் போயி அழுக முடியாதுங்க."

"அதுக்கும் டம்ளருக்கும் என்ன சம்பந்தம்?"

"டம்ளர்லதாம்மா வார்த்தைய வெட்டியிருக்குது," என்றான் சிவக்குமார்.

பொன்னாத்தாள் வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நடந்தது இதுதான். முதலில் கிருத்திகா காகிதத்தில் எழுதிப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தாள். போன வருஷம் கரையான் வந்து பீரோவின் முதுகைத் தின்று, காகிதத்தின் பாதியையும் தின்றுவிட்டது. போனைப் பார்த்துத் திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சிவக்குமாருக்கு எதிலும் இரும்புதான். "காயிதம் எதுக்கு? எழுத்துன்னா இரும்புல இருக்கோணும். ஆயிரம் அடி பாறைக்குள்ள போயிட்டு வந்தாலும் எங்க தொள போடற பிட்டுல வெட்டுன நெம்பரு அழியறதில்ல" என்று மனைவியைச் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப் போனான். பாத்திரக்கடையில் பன்னிரண்டு எவர்சில்வர் டம்ளர் வாங்கி, வாசலில் மிஷினோடு உட்கார்ந்து பேர் வெட்டுகிற தீர்த்தகிரி என்பவரிடம் டம்ளருக்கு ஒரு வார்த்தையாக வெட்டச் சொன்னார்கள். தீயில் வேகாது, தண்ணியில் கரையாது, கரையான் தின்னாது. டம்ளரை எந்தத் திருடனும் தொட மாட்டான். ஒன்றுக்குள் ஒன்றாக வரிசையாகச் செருகி டிரம்மில் வைத்துவிட்டு, இரண்டு பேரும் தங்கள் புத்தியை மெச்சிக்கொண்டு அன்று கொத்துப் புரோட்டா சாப்பிட்டார்கள்.

இவ்வளவு யோசித்தவர்கள், அந்தச் சமையல்கட்டை முப்பத்தைந்து வருஷமாக ஆள்கிறவளை மட்டும் யோசிக்கவில்லை.

"அதுல பேரு இருந்துதே. கண்ணாலத்துக்கு ஆரோ உங்க சேலத்து சிநேகிதிக வெச்சுக் குடுத்த டம்ளருன்னில்ல நெனச்சேன்," என்றாள் பொன்னாத்தாள். அவள் நினைத்ததில் தப்பில்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரம் என்று கொடுத்தால் கொடுத்தவர் பேரில்லாமல் கொடுக்க மாட்டார்கள். இரவல் போனது திரும்பி வருவதே அந்தப் பேரால்தான். "எனக்கு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா அம்மிணி?"

"ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு படிச்ச எடத்துல எல்லாம் போட்டிருந்துதுங்க."

"ஆருகிட்டயுமின்னா அது ஊருக்கு. சமையக்கட்டுல கொண்டாந்து வெச்சுட்டு, சமைக்கறவகிட்ட ஒளிக்கறதா?"

கிருத்திகா அந்த வெள்ளிக்கிழமை மல்லசமுத்திரம் கடைவீதியில் ஒரு மாடி அறைக்கு அட்வான்ஸ் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். நாலு கம்ப்யூட்டர் போட்டு, வேலை தெரிந்தும் வெளியூர் போக முடியாத நாலு பெண்களை உட்கார வைக்க வேண்டும் என்பது அவளுடைய இரண்டு வருஷ ஆசை. அதற்கென்று வைத்திருந்தது எல்லாம் அந்த டம்ளர்களில் இருந்தது. பொன்னாத்தாளுக்கு, கிழக்கு மேற்குத் தெரியாத தன் கையால் மருமகளின் மூன்று வருஷத்தைத் தூக்கிப் பாயசம் ஊற்றக் கொடுத்திருக்கிறோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"எந்திரி. வெசனப்படாத. டம்ளருக்குக் காலா மொளச்சிருக்குது?" என்று புடவையை உதறிக்கொண்டு கிளம்பினாள்.

மாரக்காள் வீடு வாய்க்கால் தாண்டி நாலு எட்டு. அவள் புருஷன் செங்கோடன், சிவக்குமாரின் ரிக்கில்தான் டிரில்லர். விருந்து முடிந்து இரண்டு நாள் ஆகியும் வீட்டில் கச்சாயப் பலகாரம் சுட்ட வாசனை போகவில்லை. இரவல் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டித் திருப்பித் தரத் தயாராகத்தான் வைத்திருந்தாள்.

"வாங்கக்கா. நானே பொழுதோட கொண்டாரலாம்னு இருந்தனுங்க. இந்தத் தூறல் உட்டாத்தான?" என்றவள் சாக்கை அவிழ்த்தாள். "உங்க டம்ளருக்குப் பெரிய அடிதடியேங்க. டாக்டருன்னு ஒண்ணுல எழுதியிருக்குதாமா. பசங்க எல்லாம் எனக்கு டாக்டரு, எனக்கு டாக்டருன்னு. எங்கொழுந்தனுக்கு இங்கிலீஷ்ல ஆடுன்னு வந்துருச்சுன்னு சிரிச்சுச் சிரிச்சு ஒறம்பரைக்கெல்லாம் பாயசம் பொரையேறிப் போச்சுங்க."

"ஊரே படிச்சுச்சா?" என்றாள் கிருத்திகா.

"படிக்காம? ஒறம்பரையில இங்கிலீஷ் படிக்கற பாப்பா ஒண்ணு ஒவ்வொண்ணாச் சத்தமாப் படிச்சுக் காட்டுச்சுங்க."

கிருத்திகா கண்ணை மூடித் திறந்தாள். டம்ளர்களை எண்ணினார்கள். பதினொன்று. சாக்கைக் கவிழ்த்தார்கள். கரண்டி வந்தது, வட்டல் வந்தது, யாருடையதென்றே தெரியாத ஒரு மூடி வந்தது. பன்னிரண்டாவது டம்ளர் வரவில்லை.

"ஆங், அது எங்கண்ணனூட்டுக்குப் போயிருச்சுங்க," என்றாள் மாரக்காள். அவள் அண்ணன் பூபதி தாய்மாமனாக வந்து புள்ளையை மடியில் வைத்துக் காது குத்தி, ஏழு தட்டுச் சீர் வைத்தவன். "சீர் வந்த தட்ட வெறுந்தட்டாவா திருப்பறது? ஒரு டம்ளர்ல சக்கர ரொப்பித் தட்டுல வெச்சுக் குடுத்துட்டனுங்க. உங்களுக்கு வேற வாங்கித் தந்தர்றேன்னு இருந்தேன்."

"வேற ஆகாது மாரக்கா. அதுதான் வேணும்."

"ஐயோ, அது மட்டும் என்னால முடியாதுங்கக்கா. மாமஞ்சீருக்குப் பதிலா வெச்ச போசிய எந்த மொகத்த வெச்சுட்டுத் திருப்பிக் கேக்கறது? எங்கண்ணம் பொண்டாட்டி ஏழு ஊருக்குச் சொல்லிக் காட்டுவா."

அதுவும் நியாயம்தான். அப்படிக் கொடுத்ததைக் கேட்பதும் ஒன்று, உறவை முறிப்பதும் ஒன்று. பொன்னாத்தாள் பதினொரு டம்ளரையும் முந்தானையில் கட்டிக்கொண்டு திரும்பினாள்.

வீட்டில் சிவக்குமார், விருந்தில் வரிசை கலைந்துபோன டம்ளர்களைக் கட்டில் மேல் வரிசையாக வைத்து மாற்றி மாற்றி அடுக்கிப் பார்த்தான். ஆனியன் முதலில் வந்ததாகக் கிருத்திகாவுக்கு ஞாபகம். குடையா ஏணியா எது அடுத்தது என்பது தெரியவில்லை. பன்னிரண்டை எத்தனை விதமாக மாற்றலாம் என்று கணக்குப் போட்ட கிருத்திகா, அதில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டுக் கொல்லைப் பக்கம் போய் எருமையோடு நின்றுகொண்டாள்.

சிவக்குமார் சும்மா இருக்கவில்லை. போனில் ஏதோ ஒரு குழுவில், இப்படி வார்த்தை தொலைந்துவிட்டது, யாருக்காவது வழி தெரியுமா என்று கேட்டு வைத்தான். பத்து நிமிஷத்தில் ஒருவன் கூப்பிட்டான். பிரபாகர் என்று பேர் சொன்னான். உதவி மையமாம். பேச்சில் அப்படி ஒரு பரிவு.

"கவலையே படாதீங்க சார். டெய்லி இந்த மாதிரி நூறு கேஸ் பார்க்கிறோம். இருக்கிற பதினோரு வார்த்தையை மட்டும் டைப் பண்ணி அனுப்புங்க. வரிசைகூட வேண்டாம். எங்க சிஸ்டம் கண்டுபிடிச்சிரும்."

சிவக்குமார் முதல் டம்ளரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினான். பக்கத்தில் உட்கார்ந்து புளி உரித்துக்கொண்டிருந்த பொன்னாத்தாளுக்கு என்னவோ போலிருந்தது.

"ஏஞ்சாமி, தொலஞ்சது ஒண்ணுதான?"

"ஆமாம்மா, சும்மா இரு."

"அப்ப தொலையாத பதினொண்ண அவன் எதுக்குக் கேக்கறான்?"

சிவக்குமாரின் விரல் நின்றது. அதற்குள் கிருத்திகா ஓடிவந்து போனைப் பிடுங்கி அணைத்தாள்.

"அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? மீதிய அவன் கண்டுபுடிச்சாலும் நமக்கா குடுப்பான்? இந்த வார்த்தைய வாயால கேக்கறவன் எவனா இருந்தாலும் திருடன். அத்தைக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியலையே!"

அவள் புருஷனை அதட்டி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. சிவக்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். பொன்னாத்தாளுக்கு உள்ளூரச் சந்தோஷமாக இருந்ததென்றால் அதில் பொய்யில்லை.

மறுநாள் காலை அவள் ஒரு காரியம் செய்தாள். தன் கல்யாணத்துக்கு வந்த பித்தளைச் சொம்பைப் புளி போட்டு விளக்கி, நிறையச் சர்க்கரை ரொப்பி, ஒரு சீப்பு பூவன்பழம், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டு மகன் வண்டியில் ஏறினாள். பூபதி மல்லசமுத்திரத்தில் தீவனக்கடை வைத்திருக்கிறான். கடைக்குப் பின்னாலேயே வீடு.

"வாங்கக்கா, வாங்க. என்னங்க தட்டோட?"

"மாரக்கா எனக்குத் தங்கச்சியாட்ட. அவ புள்ள காதுகுத்துல சீருக்குப் பதிலா ஒரு டம்ளர் வெச்சுக் குடுத்துட்டான்னு கேட்டேன். மாமன் ஏழு தட்டு வெச்சிருக்கறான், டம்ளர்லயாடீ அனுப்பறதுன்னு அவளப் புடிச்சுச் சத்தம் போட்டேன். அந்த டம்ளர எடுத்துக்கறேன். அதுக்குப் பதிலா இதுதான் உங்களுக்கு முறை."

பூபதியின் மனைவி சொம்பை வாங்கி இரண்டு கையிலும் தூக்கிப் பார்த்தாள். பழைய காலத்துக் கனம். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே பொன்னாத்தாளுக்கு நிம்மதியாயிற்று. மாரக்காளின் மானம் தப்பியது மட்டுமில்லை, மரியாதையும் ஒரு படி ஏறிவிட்டது.

டம்ளர் கடையில் இருந்தது. பருத்திக்கொட்டை அள்ளிப் போடுவதற்குப் பூபதி அதை மூட்டைக்குள் சொருகி வைத்திருந்தான். எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுத்திருந்ததைத் துடைத்துவிட்டுக் கையில் கொடுத்தான். மோர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவன் மனைவி விடவில்லை. குடித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கிருத்திகா டம்ளரை வாங்கிப் படித்தாள். ஸ்கூல் என்று இருந்தது. "ஆமாங்க, இது கடைசிக்கு முன்னாலயோ என்னமோ," என்று சிரிக்கப் பார்த்தாள். பன்னிரண்டும் வந்துவிட்டது. வரிசைதான் இல்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.

"அந்த அறைய அவங்க வேற ஆளுக்குக் குடுத்தா குடுத்துட்டுப் போறாங்கத்தை. அடுத்த வருசம் பாத்துக்கலாம்," என்றாள். அப்படிச் சொன்னதைத்தான் பொன்னாத்தாளால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. பிசுக்கு டம்ளரை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் போனாள்.

தூறல் விட்டு வெயில் வந்திருந்தது. சீயக்காயும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். பருத்திக்கொட்டைப் பிசுக்கு லேசில் போகிற சாமானில்லை. மூன்று தரம் தேய்த்துக் கழுவி, டம்ளரைக் கவிழ்த்து, வழக்கம்போல அடியில் கட்டைவிரலை ஓட்டினாள்.

விரல் வழுக்கவில்லை. சத்தமும் வரவில்லை. மணல் ஒட்டியிருக்கிற மாதிரி நெருநெருவென்று தட்டியது. திரும்பக் கழுவினாள். திரும்பவும் தட்டியது. மணல் இல்லை, சின்னச் சின்னப் புள்ளிகள். அடி விளிம்பை ஒட்டினாற்போல, ஊசியால் குத்தியதுபோல.

அவளுக்குச் சட்டென்று தன் அடுக்குப் போசி ஞாபகம் வந்தது. ஏழு போசி, ஒன்றுக்குள் ஒன்று. எது எதற்குள் போகும் என்று தெரிவதற்குக் கடைக்காரன் அடியில் புள்ளி வைத்துத்தான் கொடுத்திருந்தான். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று ஏழு வரைக்கும். செட்டாக வெட்டக் கொடுத்தால் புள்ளி வைப்பது அந்த வேலைக்காரர்களுடைய பழக்கம்.

"அம்மிணி! அந்த டம்ளரெல்லாம் எடுத்துட்டு ஓடியா!"

கிருத்திகா துப்பட்டாவில் அள்ளிக்கொண்டு வந்தாள். பொன்னாத்தாள் ஒவ்வொன்றாக வாங்கினாள். கண்ணால் பார்க்கவில்லை, அடியில் விரலை வைத்தாள்.

"இது மூணு. இது ஒம்பது. இது… இரு, இரு… ஆறு. பாரு, நான் சொல்றது சரியான்னு பாரு."

கிருத்திகா டம்ளரை வெயிலில் சாய்த்துப் பார்த்தாள். இத்தனை நேரமும் எல்லோரும் எழுத்து இருக்கிற பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் ஆறு புள்ளி இருந்தது.

"அத்தைங்க! அந்தத் தீர்த்தகிரி ஐயன் நாங்க சொல்லாமயே வெச்சிருக்காருங்க!"

"சொன்னாத்தான் செய்யறதா? வேல தெரிஞ்சவன்."

தொட்டிக் கட்டின் மேல் பன்னிரண்டு டம்ளரும் வரிசையாக நின்றன. ஒரு புள்ளி ஆனியனில்தான் இருந்தது. பருத்திக்கொட்டை அளந்த ஸ்கூல் டம்ளரில் ஐந்து. கிருத்திகா சிவக்குமாரைக் காவலுக்கு வாசலில் நிறுத்திவிட்டு, புதுப் போனில் ஒவ்வொரு வார்த்தையாகப் போட்டாள். கடைசி வார்த்தை போட்டதும் போன் கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு திறந்துகொண்டது.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியாது. ஈரக்கையோடு நின்ற மாமியாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சாம்பலும் தண்ணியும் அவள் சட்டை முழுக்க அப்பிக்கொண்டது. "சரி, உடு, உடு" என்று பொன்னாத்தாள் சொன்னாலும் அவளும் விடவில்லை.

அன்று சாயங்காலமே கிருத்திகா புதுப் பெட்டி ஒன்று திறந்து எல்லாவற்றையும் அதற்கு மாற்றினாள். காதுகுத்து விருந்தில் ஊரே சத்தமாகப் படித்த வார்த்தைகள் இனிமேல் சாவிக்கு ஆகாது. புது வார்த்தைகளைச் சிவக்குமாரே ரிக் ஷெட்டில் கதவைச் சாத்திக்கொண்டு, எழுத்து அடிக்கிற பஞ்ச் ஆணியும் சுத்தியலும் வைத்து, இரண்டு ஸ்டீல் தகட்டில் அடித்தான். இந்தத் தடவை ஒன்று முதல் பன்னிரண்டு வரை நம்பரும் போட்டான். போட்டோ எடுக்கவில்லை, ஒருவரிடமும் வாசித்துக் காட்டவில்லை. ஒரு தகடு அஸ்தம்பட்டிக்குப் போய்க் கிருத்திகாவின் அம்மா வீட்டுப் பெட்டிக்குள் பூட்டப்பட்டது. இன்னொன்றை அவள் துணியில் சுற்றி மாமியார் கையில் வைத்தாள்.

"எங்க வெக்கறதுன்னு நீங்களே சொல்லுங்கத்தை."

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னா?"

"இல்லீங்க. இந்த ஊட்டுல எந்தப் பொருள் எப்ப எங்க போகும்னு உங்களுக்குத்தான தெரியும்?"

பொன்னாத்தாள் வீட்டைச் சுற்றி ஒருமுறை வந்தாள். பிறகு ஒரு இடத்தைக் காட்டினாள். மூன்று பேரும் பார்த்தார்கள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. பன்னிரண்டு டம்ளரும் அட்டாலி ஏறவில்லை, காப்பிக்கு வந்துவிட்டன. பொன்னாத்தாளுக்கு ஆனியன், சிவக்குமாருக்கு ஆடு.

மழை முடிந்து ரிக் கிளம்புகிற வாரம் மாரக்காள் வந்தாள். வண்டிக்குப் பூசை போடுகிறார்கள், டம்ளர் பத்தவில்லை. கேட்பதற்கே பயந்து வாசப்படியில் நின்றாள். பொன்னாத்தாள் பன்னிரண்டையும் எடுத்து அவள் முந்தானையில் போட்டாள்.

"நல்லா எடுத்துட்டுப் போ. திருப்பிக் குடுக்காட்டியும் போவுது."

"ஏனுங்கக்கா, அன்னைக்கு இதுக்குன்னு அந்தப் பாடுபட்டீங்க?" மாரக்காள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கிட்டே வந்தாள். "எங்கூட்டுக்காரரு ரிக் ஷெட்டுல கேட்டதாச் சொன்னாருங்க. ஏதோ தகட்டுல அடிச்சு வெச்சிருக்கீங்களாமா. எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டு விஷயத்தையும் மாரக்காளிடம் சொல்லாமல் பொன்னாத்தாள் ஒரு பொழுதும் இருந்ததில்லை. உள்ளறையில் படம் போட்டுக்கொண்டிருந்த கிருத்திகாவின் கை நின்றது.

"எந்தத் தகடு?" என்றாள் பொன்னாத்தாள். "உக்காரு, காப்பி குடிச்சுட்டுப் போவியாம். அதுலருந்து அந்த டாக்டரு டம்ளர எடுத்துக் குடு."